அறுபத்தைந்து சதவீதத்தின் கணக்கு

உலக சுகாதாரப் பேரவை 1973இல் ஒரு பழைய விதியை நீக்கியது. அதுவரை, வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறவரிடம் காலரா தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான சான்றிதழைக் கேட்கும் உரிமை அரசுகளுக்கு இருந்தது. சான்றிதழ்கள் முறையாகவே வழங்கப்பட்டன, முத்திரைகளும் ஒழுங்காகவே குத்தப்பட்டன. ஆனால் 1961இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தொடங்கிய கொள்ளைநோய் அலை, இந்தக் காகிதங்கள் எதையும் பொருட்படுத்தாமல் ஆசியாவைக் கடந்து 1970இல் ஆப்பிரிக்காவை எட்டிவிட்டது. ஸ்பெயினில் ஃபெரான் 1885இல் முயன்ற ஊசியும், ஹாஃப்கின் 1893இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஊசியும் அந்தக் காலத்தில் பெரும் நம்பிக்கையைத் தந்தவை. 1960களில் இன்றைய வங்கதேசத்தின் மத்லாப் முதலிய இடங்களில் முறையான களச் சோதனைகள் நடந்தபோதுதான் அந்த வழிவந்த ஊசிகளின் உண்மை நிலவரம் தெரிந்தது. போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ பாதி நோயைத்தான் அவை தடுத்தன. அதுவும் மூன்று முதல் ஆறு மாதம் வரைதான். சிறு குழந்தைகளிடம் பலன் இன்னும் குறைவு. இவ்வளவு தெரிந்தபின் சான்றிதழைக் கைவிட்டது சரியான முடிவே. ஆனால் அந்த முடிவோடு, காலராவுக்குத் தடுப்பு மருந்தே வீண் என்ற எண்ணமும் பொதுச் சுகாதார உலகில் ஊன்றிவிட்டது. பின்னாளில் வாயால் குடிக்கும் தடுப்பு மருந்து வந்தபோதும் அந்த எண்ணம் லேசில் விலகவில்லை. இந்த மருந்தின் திறனை ‘65 சதவீதம்’ என்ற எண்ணால் அளந்து, ‘அரைகுறை’ என்று ஒதுக்கியதில் ஒரு அடிப்படைத் தவறு இருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். அந்த எண் பொய்யல்ல. அது தனி மனிதரைப் பற்றிய கேள்விக்கான பதில். காலராவோ ஊரைப் பிடிக்கும் நோய்.

முதலில் ஊசி ஏன் தோற்றது என்று பார்க்கவேண்டும். காலராக் கிருமி இரத்தத்தில் நுழைவதில்லை. வாய்வழியே உள்ளே போய், வயிற்று அமிலத்தைத் தப்பிப் பிழைத்தவை சிறுகுடலின் சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு அப்பால் போவது அவற்றின் வழக்கமில்லை. இருந்த இடத்திலிருந்தே ஒரு நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு இரத்தத்தில் கலந்து உடலைக் கெடுக்கிறது என்றே பலர் நெடுங்காலம் எண்ணினார்கள். இதை மாற்றியவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தி, அந்தக் குடல் துண்டில் நீர் தேங்கி உப்புவதைக் காட்டினார். கிருமியே இல்லாமல், அது வளர்ந்த வடிநீர் மட்டும் போதும் என்பதையும் 1959இல் வெளியிட்டார். குடலுக்குள்ளேயே சுரந்து, குடலின் மீதே வேலை செய்யும் நச்சு அது என்பது அப்போதுதான் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிற்று. டேக்கு நோபல் பரிசு கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. அந்த நச்சில் இரு கூறுகள் இருப்பது பின்னர் தெரியவந்தது. ‘பி’ கூறு குடல் உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். ‘ஏ’ கூறு உள்ளே நுழைந்து, உப்பையும் நீரையும் வெளியே கொட்டவைக்கும். கடுமையான நோயாளி ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும்.

நோய் முழுக்கக் குடலின் உட்புறத்தில் நடக்கிறது என்றால், காவலும் அங்கேதான் வேண்டும். புஜத்தில் போடும் ஊசி இரத்தத்தில்தான் எதிர்ப்பொருள்களைப் பெருக்கும். அவற்றில் சிறு பங்கே குடலின் உட்பரப்புக்குக் கசியும். குடல் தனக்கென்று வேறொரு வகை எதிர்ப்பொருளைச் சுரக்கிறது, அதைத் தூண்டுவதற்கு நேர்வழி குடல் வழியே. நச்சை மட்டும் முடக்கி ஊசியாகப் போட்டுப் பார்த்த சோதனையும் 1970களில் மத்லாபில் நடந்தது. அதுவும் கைகொடுக்கவில்லை. மறுபுறம், அமெரிக்காவில் தாமாக முன்வந்து காலராவை ஏற்றுக்கொண்டு குணமான தன்னார்வலர்கள், மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் கிருமியைக் குடித்தபோதும் நோய்ப்படவில்லை. இயற்கையாக வாய்வழி வந்த தொற்று தருகிற காவலை ஊசியால் தரமுடியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இன்னொரு சான்றைச் சென்னை தந்தது. 1992இல் முதன்முதலாகச் சென்னையில் தென்பட்ட ஓ139 என்ற புதிய வகைக் கிருமி, காலரா வழக்கமாக இருக்கும் பகுதிகளில் பெரியவர்களையும் தாராளமாகத் தாக்கியது. பழைய ஓ1 வகையோடு வாழ்ந்து எதிர்ப்பாற்றல் பெற்றவர்கள்தாம் அவர்கள். நச்சு அதே நச்சு. மாறியது கிருமியின் மேலுறையிலுள்ள சர்க்கரைச் சங்கிலி. எனவே காவலின் முக்கிய இலக்கு நச்சைவிடக் கிருமியின் மேலுறையே என்பது உறுதிப்பட்டது.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் யான் ஹோம்கிரனும் ஆன்-மாரி ஸ்வென்னர்ஹோமும் இந்த அடிப்படையில் ஒரு மருந்தை உருவாக்கினார்கள். கொல்லப்பட்ட முழுக் கிருமிகள், ஒரு வேளைக்குப் பத்தாயிரம் கோடி என்ற கணக்கில். அவற்றோடு நச்சின் தீங்கற்ற ‘பி’ கூறு ஒரு மில்லிகிராம். 1985இல் ஜான் கிளெமென்ஸ் தலைமையில் மத்லாபில் இதன் பெரிய சோதனை தொடங்கியது. இரண்டு முதல் பதினைந்து வயது வரையிலான குழந்தைகளும், அதற்கு மேற்பட்ட பெண்களும் பங்கேற்றார்கள். மூன்று வேளை மருந்தையும் முடித்தவர்கள் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல். ஒரு பிரிவுக்கு ‘பி’ கூறு சேர்ந்த மருந்து, ஒரு பிரிவுக்கு வெறும் கிருமி, மற்றொன்றுக்கு ஒப்பீட்டுக்காகத் தீங்கற்ற வேறொரு பாக்டீரியா. முதல் ஆறு மாதத்தில் ‘பி’ கூறு சேர்ந்தது 85 சதவீதமும், சேராதது 58 சதவீதமும் காத்தன. மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது இரண்டும் 50 சதவீதத்தை ஒட்டியே நின்றன. விலை உயர்ந்த அந்தக் கூறு தொடக்க வேகத்தைத் தருகிறது, நீடிப்பைத் தருவதில்லை என்பது இதிலிருந்து கிடைத்த பாடம். அந்தப் பாடத்தைப் பணக்கார நாடுகளைவிட முந்திப் படித்துக்கொண்டது வியட்நாம்.

‘பி’ கூறு சேர்ந்த மருந்து டியூகோரல் என்ற பெயரில் 1990களில் சந்தைக்கு வந்தது. வயிற்று அமிலம் அந்தக் கூறைச் சிதைத்துவிடும் என்பதால் சோடா உப்புக் கரைசலோடு ஒரு தம்ளர் நீரில் கலந்து குடிக்கவேண்டும். விலையும் அதிகம். சுற்றுலாப் பயணிகளுக்குச் சரி. நல்ல தண்ணீரே கிடைக்காத குடிசைப் பகுதிக்கு அது பொருந்தாது. ஸ்வீடனிடமிருந்து தொழில்நுட்பத்தைப் பெற்ற வியட்நாம், ‘பி’ கூறை விட்டுவிட்டுக் கொல்லப்பட்ட கிருமிகளை மட்டும் கொண்டு தன் மருந்தைத் தானே தயாரித்தது. ஹுவே நகரில் 1992-93இல் சோதித்துப் பார்த்ததில் 66 சதவீதப் பலன் கிடைத்தது. 1997 முதல் தன் மக்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. உலகம் இதைக் கவனிக்கச் சில ஆண்டுகள் ஆயிற்று. சியோலில் உள்ள பன்னாட்டுத் தடுப்பு மருந்து நிறுவனம் அந்தக் கலவையை உலகத் தரத்துக்குச் சீர்செய்து, ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸிடம் கொடுத்தது. 2006இல் கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ 67,000 பேரிடம், இரண்டு வேளை, பதினான்கு நாள் இடைவெளியில் சோதனை நடந்தது. ஒரு வேளை என்பது ஒன்றரை மில்லி மட்டும். சோடா உப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இரண்டு ஆண்டுக் கணக்கில் 67 சதவீதம், ஐந்து ஆண்டுக் கணக்கில் 65 சதவீதம் என்று காவல் நின்றது. ஷான்கால் என்ற அந்த மருந்துக்கு 2009இல் இந்தியா உரிமம் வழங்கியது, 2011இல் உலக சுகாதார அமைப்பு தகுதிச் சான்று தந்தது.

இங்கேதான் 65 என்ற எண் வழிமறித்தது. தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையில் 95 சதவீதத்துக்கு மேல் காக்கிறது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 65 என்பது தோல்விக்குப் பக்கத்து எண். மூன்றில் ஒருவரைக் கைவிடும் மருந்தை ஊருக்கே கொடுப்பானேன் என்ற கேள்வி இயல்பாக எழும். ஆனால் எந்த எண் போதும் என்பதை நோயின் பரவும் வேகம்தான் முடிவு செய்யும். தட்டம்மைக்காரர் ஒருவர், எதிர்ப்பே இல்லாத கூட்டத்தில், பத்துப் பேருக்கு மேல் பரப்புவார். அதற்கு 95 வேண்டும். ஒரு காலரா நோயாளி சராசரியாக இரண்டு பேருக்குப் பரப்புகிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஊரில் நூற்றுக்கு எண்பது பேர், 65 சதவீதம் காக்கும் மருந்தைக் குடித்திருக்கிறார்கள். தடுப்பின் மொத்தப் பங்கு 52 சதவீதம். பரவும் எண் இரண்டிலிருந்து 0.96 ஆகக் குறைகிறது. ஒன்றுக்குக் கீழே போய்விட்டால் ஒவ்வொரு நோயாளியும் சராசரியாகத் தன் இடத்தில் இன்னொருவரைக்கூட விட்டுச் செல்வதில்லை. நோய்ப்பரவல் தானாக மெலிந்து அணைகிறது. இது விளக்கத்துக்கான எளிய கணக்குதான், உண்மை ஊர்கள் இவ்வளவு சீராக இருக்கமாட்டா. ஆனால் இப்படித்தான் நடக்கிறது என்பதற்கு ஆதாரம், 1985ஆம் ஆண்டு மத்லாப் தரவுகளுக்குள்ளேயே இருபது ஆண்டுகள் உறங்கிக்கொண்டிருந்தது.

முகமது அலியும் சகாக்களும் 2005இல் அந்தத் தரவுகளை வேறு விதமாக அடுக்கினார்கள். வங்கத்துக் கிராமங்களில் உறவினர்கள் பல குடும்பங்களாகச் சேர்ந்து வாழும் வீட்டுத் தொகுதிக்கு ‘பாரி’ என்று பெயர். ஒவ்வொரு பாரியைச் சுற்றியும் எத்தனை பேர் உண்மையான மருந்தைக் குடித்தார்கள் என்று கணக்கிட்டு, அந்த அளவின்படி மக்களைப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்து குடித்தவர்கள் 28 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த இடங்களில், ஒப்பீட்டுக்கான போலி மருந்து குடித்தவர்களில் ஆயிரத்துக்கு 7.01 பேருக்குக் காலரா வந்திருந்தது. பாதிக்கு மேற்பட்டோர் மருந்து குடித்த இடங்களில், அதே போலி மருந்து குடித்தவர்களுக்கு 1.47தான். தம் உடலில் எந்தக் காவலும் இல்லாதவர்கள், அக்கம்பக்கத்தார் குடித்த மருந்தால் காக்கப்பட்டார்கள். இதில் இன்னொரு வியப்பும் ஒளிந்திருக்கிறது. குறைவாகக் கொடுக்கப்பட்ட இடங்களில் மருந்து குடித்தவர்களின் நோய் விகிதம் 2.66, போலிக்காரர்களின் 7.01உடன் ஒப்பிட்டால் மருந்தின் திறன் 62 சதவீதம். அதிகம் கொடுக்கப்பட்ட இடங்களில் 1.27க்கு எதிரே 1.47; திறன் வெறும் 14 சதவீதம். மருந்து ஊரையே காத்த இடத்தில்தான், வழக்கமான அளவுகோல் ‘இது பயனில்லை’ என்று சொல்கிறது. இரு தரப்பாரும் நலமாக இருக்கும்போது வித்தியாசம் எங்கிருந்து வரும்? மருந்து அதிகம் குடித்த பாரிகள் ஒருவேளை வசதியானவை, தூய்மையானவை என்பதால் நோய் குறைந்திருக்கலாமே என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆய்வாளர்கள் அத்தகைய வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோதும் தொடர்பு மறையவில்லை. கொல்கத்தாச் சோதனையின் தரவுகளைப் பின்னர் இதே முறையில் ஆராய்ந்தபோது, ஊர் வேறு, மருந்து வேறு, காலம் வேறு என்றாலும் அதே போக்குதான் தெரிந்தது.

பெரிய ஆட்சேபம் தண்ணீரைப் பற்றியது. காலரா அழுக்குத் தண்ணீரின் நோய். நல்ல தண்ணீரும் கழிப்பறையும் கொடுத்துவிட்டால் மருந்து எதற்கு? இந்த வாதத்தின் முதல் பாதியை மறுப்பவர் யாருமில்லை. 1892இல் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்த ஹாம்பர்க் நகரில் 8,000க்கு மேற்பட்டோர் காலராவால் இறந்தார்கள். மணல் வடிகட்டி வைத்திருந்த பக்கத்து நகரமான அல்டோனா பெருமளவு தப்பியது. ஐரோப்பாவை விட்டுக் காலராவை விரட்டியது எந்த மருந்தும் அல்ல. ஆனால் இந்த வாதம் காலத்தைக் கணக்கில் கொள்வதில்லை. ஒரு நகரத்துக்குக் குழாயும் சாக்கடையும் போட்டு முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும், அதற்கான பணமும் வேறு அளவிலானது. மருந்துக்கு ஒரு வேளைக்கு இரண்டு டாலருக்கும் குறைவு. இரண்டும் ஒரே பையிலிருந்து எடுக்கும் செலவு என்பதுபோலப் பேசுவதே குழப்பம். குழாய் இருந்தாலே நல்ல தண்ணீர் இருக்கிறது என்றும் பொருளில்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி அவசரநிலை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கலாம். அங்கே குழாய்கள் இருந்தன, அவற்றில் கழிவுநீர் கலந்துவிட்டது என்பதே பேச்சு. டாக்காவின் மிர்பூர் பகுதியில் 2011இல் தொடங்கிய ஆய்வும் இங்கே உதவும். ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும். ஒரு பிரிவுக்கு மருந்தோடு கைகழுவும் வசதியும் குடிநீரில் குளோரின் கலக்கும் ஏற்பாடும். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் இல்லை. ஏறத்தாழ 65 சதவீதம் பேர்தான் மருந்து குடித்திருந்தார்கள். குடிக்காதவர்களையும் சேர்த்து மொத்த மக்களில் கடும் காலரா முதல் பிரிவில் 37 சதவீதமும் இரண்டாம் பிரிவில் 45 சதவீதமும் குறைந்தது. இடைப்பட்ட வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதல்ல. இதை வைத்துத் தூய்மை வீண் என்று முடிவுகட்டுவது தவறு. வீட்டு வாசலில் சோப்பு வைப்பதும் ஊருக்குச் சாக்கடை கட்டுவதும் ஒன்றல்ல. ஆனால் மருந்தைத் தள்ளிவைத்துவிட்டு, கைகழுவச் சொல்லும் பிரசாரத்தை மட்டும் ‘தண்ணீர்த் திட்டம்’ என்று காட்டுகிறவர்களுக்கு இது பதில்.

தள்ளிவைத்ததன் விலையை ஹைட்டி கொடுத்தது. நூறாண்டுக்கு மேல் காலராவே அறியாத அந்த நாட்டில் 2010 அக்டோபரில், ஐ.நா. அமைதிப்படை முகாமிலிருந்து ஆற்றில் கலந்த கழிவு வழியே நோய் நுழைந்தது. ஏறத்தாழ 8,20,000 பேருக்கு நோய், 10,000 பேர் வரை சாவு. மருந்து போதாது, கொடுப்பது கடினம், தண்ணீருக்கான கவனம் சிதறும் என்றெல்லாம் விவாதம் நடந்து, முதல் ஒரு லட்சம் பேருக்கு மருந்து போய்ச் சேர்ந்தபோது 2012 ஆகியிருந்தது. கொடுத்த இடங்களில் பலன் ஏறத்தாழ 60 சதவீதம். கினியா நாட்டில் அதே ஆண்டு, நோய் பரவிக்கொண்டிருக்கும்போதே கொடுத்ததில் 86 சதவீதத்துக்கு மேல் பலன் தெரிந்தது. காலராவைச் சந்தித்தே இராத உடலில் கொல்லப்பட்ட கிருமி வேலை செய்யாது என்ற ஐயத்துக்கும் ஹைட்டியே விடை.

உப்புச் சர்க்கரைக் கரைசல் இருக்கும்போது கவலை என்ன என்று கேட்பவர்களும் உண்டு. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த போங்காவ் முகாமில் திலீப் மஹாலனாபிஸ் அந்தக் கரைசலைக் கொண்டு, முப்பது சதவீத அளவில் இருந்த சாவை நான்கு சதவீதத்துக்கும் கீழே இறக்கிய வரலாறு மருத்துவத்தின் பெருமைகளில் ஒன்று. ஆனால் கரைசல் நோயாளியைக் காக்கும், நோய்ப்பரவலைத் தடுக்காது. காலராவில் சாகிறவர்கள் பெரும்பாலும் கரைசல் எட்டாத தொலைவில், இரவில், முதல் சில மணி நேரத்தில் சாகிறவர்கள். மேலும், நோயாளி கழித்த கிருமி முதல் சில மணி நேரத்தில் வழக்கத்தைவிட வீரியமாகத் தொற்றுகிறது என்று 2002இல் டாக்கா நோயாளிகளின் மாதிரிகளைக் கொண்டு காட்டப்பட்டது. வீட்டுக்குள்ளும் பக்கத்து வீட்டுக்கும் நோய் பாய்வது இப்படித்தான். மருந்து அறுக்கும் கண்ணியும் இதுவே.

இந்த மருந்தின் உண்மையான குறை குழந்தைகளிடம் இருக்கிறது. கொல்கத்தாவில் ஐந்தாண்டுக் கணக்கில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு 74 சதவீதம் காவல் என்றால், ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு 42தான். ஒரு வயது நிரம்பாதவர்களுக்கு இதைக் கொடுப்பதேயில்லை. சர்க்கரைச் சங்கிலியை அடையாளம் கண்டு நினைவில் வைக்கும் திறன் இளங்குழந்தையின் உடலுக்குக் குறைவு என்பது ஒரு காரணம். ஏழ்மைச் சூழலின் குடலே வேறு என்பதும் உண்டு. வீரியம் நீக்கிய உயிருள்ள கிருமியைக் கொண்டு மேரிலாந்தில் தயாரான மருந்து அமெரிக்கத் தன்னார்வலர்களிடம் அற்புதமாக வேலை செய்தது. ஜகார்த்தாவில் 67,000 பேரிடம் 1990களில் சோதித்தபோது 14 சதவீதம்கூடத் தேறவில்லை. வாய்வழி போலியோ மருந்து நம் குழந்தைகளிடம் எதிர்பார்த்த அளவு பிடிப்பதில்லை என்று வேலூரில் ஜேக்கப் ஜான் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியதும் இதே வகைச் சிக்கல்தான். இதற்கு முழுமையான பதில் இன்றைய மருந்தில் இல்லை. பாதி பதில் உண்டு: குழந்தைக்குக் கிருமியைக் கொண்டுவருவது பெரும்பாலும் வீட்டிலுள்ளவர்களும் அக்கம்பக்கமும்தான், அவர்களுக்கு 74 சதவீதக் காவல் இருந்தால் அதில் குழந்தைக்கும் பங்கு உண்டு. குழந்தையைக் காக்க ஊரார் குடிக்கவேண்டிய மருந்து இது.

அப்படியானால் ஊருக்கெல்லாம் போதுமான அளவு மருந்து வேண்டும். அங்கேதான் நெருக்கடி எழுந்தது. அவசரத்துக்கான உலகச் சேமிப்பு 2013இல் இருபது லட்சம் வேளைகளோடு தொடங்கியது. நோய்ப்பரவல்கள் பெருகியதும் அது வற்றத் தொடங்க, 2022 அக்டோபரில் இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளை போதும் என்று அறிவிக்கப்பட்டது. டாக்காவில் நடந்த ஒற்றை வேளைச் சோதனையில் ஆறு மாதத்தில் கடும் நோய்க்கு எதிராக 63 சதவீதக் காவல் கிடைத்திருந்தது. ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. இருவருக்குப் பாதி என்பது ஒருவருக்கு முழுமையைவிட மேல் என்ற முடிவு, சமூகக் காவலின் கணக்குப்படி சரிதான். ஆனால் அதில் முதலில் நட்டப்படுவது குழந்தைகள் என்பதை மறைக்கக்கூடாது. 2023இல் உலகம் தயாரித்தது 3.6 கோடி வேளைகள். பாதிக்கப்பட்ட பதினான்கு நாடுகள் கேட்டது 7.2 கோடி. ஹைதராபாத் நிறுவனம் ஷான்கால் தயாரிப்பை நிறுத்திவிட்ட நிலையில், தென்கொரியாவின் யூபயாலஜிக்ஸ் ஒன்றையே உலகம் நம்பியிருந்தது. ஏழைகள் மட்டுமே வாங்கும் மருந்தில் இலாபம் குறைவு என்பதைத் தவிர இதில் அறிவியல் புதிர் எதுவுமில்லை. யூபயாலஜிக்ஸின் எளிதாக்கிய கலவைக்கு 2024 ஏப்ரலில் தகுதிச் சான்று கிடைத்தது. அதே ஆண்டு பாரத் பயோடெக் ஹில்கால் என்ற தன் மருந்தை அறிமுகப்படுத்தியது.

நச்சைக் கண்டறிந்தது கல்கத்தா, மருந்தைச் சோதித்தது கொல்கத்தா, தயாரித்தது ஹைதராபாத். ஆனாலும் இந்தியாவின் தேசியத் தடுப்பு மருந்துப் பட்டியலில் காலரா மருந்து இல்லை. நாடு முழுக்க எல்லாருக்கும் கொடுக்கவேண்டிய தேவையும் இல்லை. காலரா ஆண்டுதோறும் திரும்பி வருகிற வட்டாரங்களை வெளிப்படையாக அடையாளம் கண்டு, அங்கே மழைக்காலத்துக்கு முன் இரண்டு வேளை மருந்தையும் ஒரு வயது நிரம்பிய எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, அது காக்கும் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் குழாயையும் சாக்கடையையும் சீர்செய்து முடிக்கவேண்டும். மாநில அரசுகள் இதை நோய் வெடித்த பிறகு யோசிக்காமல், அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே எழுதவேண்டும்.